அக்கா சொன்ன பிஸ்டன்

செலண்டார்,
6 அக்டோபர் 2024

அன்புள்ள அக்கா,

இயேசுவுக்குப் புகழ். ஆண்டவர் புண்ணியத்தில் நானும் பிரிஜிட்டும் சுகம். உன் இடுப்புவலி எப்படி இருக்கிறது? மடத்துக் காய்கறித் தோட்டத்தை இன்னும் உன்னைத்தான் கொத்தச் சொல்கிறார்களா, இல்லை இளவயசு சிஸ்டர்கள் யாராவது வந்து சேர்ந்திருக்கிறார்களா?

என் உடம்பைப் பற்றிக் கேட்பாய். இனிப்பு நீர் கட்டுக்குள் இருக்கிறது, ரத்தத்தில் சர்க்கரை ஏறவில்லை. போன வருடம் வலது காலில் சுண்டுவிரலை எடுத்த இடம் ஆறிவிட்டது. லாரி ஓட்டக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததால் நியாலாஸ் தோட்டத்தில் செம்பனைக் குலை எடை போடுகிற இடத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். இத்தனை காலம் லாரி ஓட்டினவன், இப்போது அடுத்தவன் ஓட்டி வருகிற லாரியை எடை பார்க்கிறேன். சும்மா சொல்லக் கூடாது, மெத்தை வைத்த நாற்காலி. ஆனால் உட்கார உட்கார எனக்கு அழுகை வருகிறது, அக்கா.

அதனால்தான் அப்பா மோட்டார் சைக்கிளைக் கொட்டகையிலிருந்து இழுத்து வெளியே போட்டேன். பி.எஸ்.ஏ. ஐந்நூறு, அப்படியேதான் இருக்கிறது. நீ தொழிற்கல்லூரியில் எஞ்சின் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள், திடீரென்று ஒருநாள் வெளியே வராத கன்னியர் மடத்துக்குப் போகிறேன் என்று கிளம்பினபோது அப்பா அழவில்லை. “போறவ டைமிங்க சரிபண்ணி வச்சிட்டாவது போயிருக்கலாம்” என்றுதான் சொன்னார். அதற்குப் பிறகு அந்த எஞ்சினை யாரும் திறக்கவில்லை.

திறந்து பார்த்தேன். சிலிண்டர் தேய்ந்துவிட்டது, புது பிஸ்டன் போட்டே ஆக வேண்டும். கிளேபாங்கில் தேங்காய் ஷேக் கடைகளுக்குப் பின்னால் எட்வின் என்று ஒருவன் பழைய மோட்டார் சாமான் விற்கிறான். அவனிடம் இரண்டு பிஸ்டன் இருக்கிறது. ஒன்று ஏழு கம்ப்ரஷன், இன்னொன்று எட்டரை. ஒரு ஜோடி ரேஸ் கேம்ஷாஃப்ட்டும் வைத்திருக்கிறான். அப்பா கடைசிவரை ஆசைப்பட்டு வாங்காமலே போனாரே, அதே ஜாதி. எனக்கு என்ன யோசனை என்றால், ரேஸ் கேமைப் போட்டுவிட்டு, பிஸ்டனை மட்டும் ஏழு போட்டுக்கொள்ளலாம். அழுத்தம் குறைவு, பெடலை மிதித்துக் கிளப்ப லேசாக இருக்கும். வயசாகிறது அல்லவா.

நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன். பிரிஜிட்டைக் கட்டலாமா என்று கூட உன்னைக் கேட்டுத்தான் கட்டினேன்.

உன் ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்.

அன்புத் தம்பி,
ஜூலியஸ்

•

மடம்,
21 அக்டோபர் 2024

அன்புள்ள ஜூலியஸ்,

உனக்கும் பிரிஜிட்டுக்கும் ஆண்டவர் எல்லா நலமும் தருவாராக. இடுப்பு வலிக்கிறது, கத்தரிக்காய் காய்க்கிறது. இரண்டுக்கும் தோத்திரம். மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து அழுகிற ஆள் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான் இருப்பாய். உன் கடிதத்தை மதர் முதலில் படித்துவிட்டு, கம்ப்ரஷன் என்றால் ஏதாவது புது பக்திமுயற்சியா என்று என்னைக் கேட்டார். ஏறக்குறைய அப்படித்தான் என்று சொல்லிவைத்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ சொல்கிற கலப்பு வேலைக்கு ஆகாது. கேம்ஷாஃப்ட்தான் வால்வை எப்போது திறப்பது, எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்று முடிவு செய்கிறது. பழைய கேம் சீக்கிரம் மூடிவிடும். ரேஸ் கேம் தாமதித்து மூடும், பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் வாசல் திறந்தே கிடக்கும். வேகமாக ஓடும்போது அது நல்லது. காற்று வந்த வேகத்தில் இன்னும் கொஞ்சம் உள்ளே நுழையும். மெதுவாக ஓடும்போது உள்ளே வந்தது வந்த வழியே திரும்பிவிடும். மிஞ்சியதைத்தான் பிஸ்டன் அழுத்த வேண்டும். அந்த நஷ்டத்தை ஈடுகட்டத்தான் எட்டரை பிஸ்டன். நீ ரேஸ் கேமோடு ஏழு பிஸ்டனைச் சேர்த்தால் கீழேயும் இழுக்காது, மேலேயும் பாயாது. இரண்டுங்கெட்டானாக நிற்கும்.

ஆகவே, ஒன்று பழைய கேமும் ஏழும். இல்லையென்றால் ரேஸ் கேமும் எட்டரையும். பழைய ஜோடியில் தப்பு ஒன்றும் இல்லை, சாதுவாக ஓடும். ஆனால் அப்பா எஞ்சினை ஏன்டா துறவியாக்குகிறாய்? நம் வீட்டுக்குத் துறவி நான் ஒருத்தி போதாதா? என் முடிவு ரேஸ் கேம், எட்டரை பிஸ்டன்.

மிதிக்கப் பயப்படாதே. பலம் வேண்டாம், முறை தெரிந்தால் போதும். முதலில் ஹேண்டிலில் இருக்கிற இக்னிஷன் லிவரைப் பின்னுக்குத் தள்ளு. மறந்தாயோ, பெடல் திருப்பி உதைக்கும். பிறகு பெடலை மெதுவாக அமுக்கு. ஓரிடத்தில் கெட்டியாக நிற்கும், அதுதான் கம்ப்ரஷன். உள்ளங்காலுக்கு அது தெரியும். தெரிந்ததும் அழுத்தத்தை வெளியே விடுகிற வால்வ் லிவரைப் பிடித்து அந்த இடத்தை ஒரு இம்மி தாண்டவிட்டு, பெடலை மேலே வரவிட்டு, ஒரே மிதி. சிலிப்பரோடு மிதிக்காதே, நல்ல கனமான பூட்ஸ் வாங்கிக்கொள்.

திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் எங்களுக்குக் கடிதம் கிடையாது. தவக்காலத்திலும் அப்படித்தான். வருவதெல்லாம் மதர் மேசையில் கட்டாகக் கிடக்கும், கிறிஸ்துமஸ், ஈஸ்டர் அன்றைக்குத்தான் கைக்கு வரும். கேட்க வேண்டியதை முன்கூட்டியே கேள்.

தினமும் உங்களை நினைக்கிற,
வெரோனிக்கா

•

செலண்டார்,
17 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

இயேசுவுக்குப் புகழ். உன் கடிதம் கிடைத்து நாங்கள் இருவரும் படித்தோம். நாங்கள் சுகம், அங்கே எல்லா சிஸ்டர்களும் சுகம்தானே?

நீ சொன்னபடியே ஆயிற்று. எட்டரை பிஸ்டனும் ரேஸ் கேமும் வாங்கிவிட்டேன். எட்வின் சாமானைக் கையில் கொடுக்காமல் வைத்துக்கொண்டு என் காலையே பார்த்தான். நொண்டுவதைக் கவனித்திருக்கிறான் போல. வயசுக்குத் தகுந்த மாதிரி ஏழு போடுங்கள் என்றான். எங்கள் அக்கா சொல்லிவிட்டார்கள் என்றேன். “அண்ணே, மிதிக்கப் போறது உங்க அக்கா இல்ல லா, நீங்க” என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கு உன்னைப் பற்றி என்ன தெரியும்?

ஜாசினில் ஒரு சீனர் பட்டறையில் சிலிண்டரைப் பெரிதாக்கக் கொடுத்திருக்கிறேன். நல்ல தோல் பூட்ஸ் ஒன்றும் வாங்கினேன். பிரிஜிட் அதைப் பார்த்துவிட்டு, கால் இருக்கிற இருப்பில் இதெல்லாம் எதற்கு என்று ஆரம்பித்தாள். அக்கா போடச் சொன்னார்கள் என்றேன். உன் பெயரைச் சொன்னால் வீட்டில் எந்தச் சண்டையும் முடிந்துவிடுகிறது.

இந்த மோட்டார் ஓடினால் எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். ஈஸ்டர் பூசைக்குப் பிரிஜிட்டைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போக வேண்டும். நொண்டிக்கொண்டு பஸ் ஏறுகிறவன் என்று என்னைப் பார்க்கிற கண்களெல்லாம் ஒருதரம் திரும்பிப் பார்க்கட்டும்.

கிறிஸ்துமஸ் வாழ்த்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

உன் தம்பி,
ஜூலியஸ்

•

செலண்டார்,
12 ஜனவரி 2025

மரியாதைக்குரிய சிஸ்டர் அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனைவி பிரிஜிட் எழுதுவது. சேசு மரி சூசை துணையால் இங்கே குறைவொன்றுமில்லை. தாங்களும் மடத்துக் கன்னியர் எல்லோரும் நலமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். தாங்கள் அனுப்பிய புதுவருட ஜெபப் படம் கிடைத்தது, பீடத்தில் வைத்திருக்கிறேன்.

தங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன் சிஸ்டர்? அவர் காலைக் காட்டமாட்டேன் என்கிறார். கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி ஒரு சின்னக் கண்ணாடி கொடுத்து, தினமும் உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அடுத்த புண் விரலோடு நிற்காது என்று டாக்டர் என்னையும் உட்கார வைத்துக்கொண்டுதான் சொன்னார். இவர் குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார். வெளியே வரும்போதே காலுறை மாட்டியிருக்கிறார். நான் விடிந்தால் கேட்கிறேன், விளக்கு வைத்தால் கேட்கிறேன். சண்டைதான் மிச்சம். போன வாரம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய் மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கொட்டகையில் அவர் அந்த எஞ்சினோடு பேசுகிற பேச்சில் பாதிகூட என்னோடு பேசுவதில்லை.

தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார். தங்கள் ஜெபம்தான் எங்களுக்குத் தைரியம்.

இங்ஙனம்,
பிரிஜிட்

•

மடம்,
26 ஜனவரி 2025

அன்புள்ள பிரிஜிட்,

உனக்குச் சமாதானம் உண்டாவதாக. உன் கடிதத்தைப் படித்துவிட்டு உனக்காக நெடுநேரம் வேண்டிக்கொண்டேன். சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? உன்னைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.

ஜூலியஸை அவன் பிறந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். கேட்கக் கேட்க ஒளிப்பான். சின்ன வயதில் பரீட்சை மார்க்கை அம்மா கேட்டால் அரிசிப் பானைக்குள் போட்டு மூடுவான். கேட்காமல் விட்டால் இரண்டாம் நாள் தானே எடுத்துவந்து மடியில் வைப்பான். நீ துரத்தத் துரத்த அவன் ஓடுகிறான்.

தவக்காலம் வருகிறது. இந்த வருடம் நீ கறியையும் மீனையும் விடுவதற்குப் பதிலாக வேறொரு ஒறுத்தல் செய். திருநீற்றுப் புதனிலிருந்து ஈஸ்டர் வரை அவன் காலைப் பற்றி வாய் திறக்காதே. அந்த மௌனத்தை அவன் சுகத்துக்காகவே ஒப்புக்கொடு. கடினமான ஒறுத்தல்தான். ஆனால் பலன் இருக்கும். அவனே வந்து காலை நீட்டுவான், பார்.

உன்னை நெஞ்சில் சுமக்கிற,
வெரோனிக்கா

•

செலண்டார்,
13 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

இயேசுவுக்குப் புகழ். நாங்கள் சுகம். உன் இடுப்புக்குப் பிரிஜிட் ஒரு தைலம் அனுப்பியிருக்கிறாள், மதர் அனுமதித்தால் தேய்த்துக்கொள்.

எஞ்சின் மூடியாயிற்று! கேமும் பிஸ்டனும் உள்ளே. வால்வும் பிஸ்டனும் மோதுமா என்று நீ அந்தக் காலத்தில் அப்பாவுக்குச் செய்து காட்டினதைப் போலவே களிமண் வைத்து அழுத்திப் பார்த்தேன். இடைவெளி போதுமானது இருக்கிறது. தைப்பூச லீவில் முதல் மிதி மிதித்தேன்.

அங்கேதான் ஒரு சிக்கல். பெடலை மெதுவாக அமுக்கினால் ஓரிடத்தில் கெட்டியாக நிற்கும், உள்ளங்காலுக்குத் தெரியும் என்று எழுதியிருந்தாயே. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அக்கா. எங்கே நிற்கிறது என்று காலால் கண்டுபிடிக்க முடியவில்லை. குனிந்து கையால் பெடலை அமுக்கினால் ஓரளவு தெரிகிறது. காலை வைத்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது. அதனால் குத்துமதிப்பாக மிதிக்கிறேன். அவசரத்தில் லிவரைப் பின்னுக்குத் தள்ள மறந்து, பெடல் திருப்பி அடித்துவிட்டது. பிரிஜிட் அலறிக்கொண்டு ஓடிவந்தாள். அடித்த சத்தம் பலமாகக் கேட்டதே தவிர, எனக்கு வலிக்கவே இல்லை. பூட்ஸ் நல்ல பூட்ஸ்.

இது எதனால் என்று நீதான் சொல்ல வேண்டும். தவக்காலம் ஆரம்பிக்கிறதற்குள் பதில் போடு.

உன் தம்பி,
ஜூலியஸ்

•

மடம்,
24 பிப்ரவரி 2025

அன்புள்ள ஜூலியஸ்,

உனக்கும் பிரிஜிட்டுக்கும் ஆண்டவர் அருள். தைலம் கிடைத்தது. மடம் முழுக்கக் கற்பூர வாசனை, மதர் இரண்டுமுறை தும்மினார்.

எஞ்சின் மூடின செய்தியைப் படித்துவிட்டு அன்றைக்குக் காலை ஜெபத்தில் நான் சங்கீதத்தைத் தப்பான இடத்தில் தொடங்கிவிட்டேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். களிமண் வைத்துப் பார்த்தாயே, அதற்கு உனக்கு நூற்றுக்கு நூறு.

பெடலில் கெட்டித் தெரியவில்லை என்றால் கம்ப்ரஷன் எங்கோ ஒழுகுகிறது. எட்டரை பிஸ்டன் போட்ட எஞ்சினில் காலுக்குத் தெரியாமல் போகவே முடியாது. கையால் ஓரளவு தெரிகிறது என்கிறாய், அப்படியானால் முழுக்க ஒழுகவில்லை, கொஞ்சம்தான். வால்வ் சரியாக உட்காரவில்லை என்று நினைக்கிறேன். பிளக் துவாரத்தில் ஒரு ஸ்பூன் எஞ்சின் எண்ணெய் ஊற்றி மிதித்துப் பார். கெட்டி கூடினால் புது ரிங் இன்னும் பழகவில்லை என்று அர்த்தம். கூடாவிட்டால் ஹெட்டை இறக்கி வால்வை மறுபடி தேய்த்துப் பொருத்து.

முடிந்ததும் விடாமல் பழகு. சோம்பேறித்தனம் பண்ணாதே. உள்ளங்காலுக்குத் தெரிகிறவரை மிதித்துக்கொண்டே இரு.

இது தவக்காலத்துக்கு முந்தின என் கடைசிக் கடிதம். ஈஸ்டருக்குப் பிறகு மோட்டார் ஓடின கதையை எழுது, காத்திருப்பேன்.

அன்புடன்,
வெரோனிக்கா

•

ஆஸ்பத்திரி, மலாக்கா,
30 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

இயேசுவுக்குப் புகழ். நீ சுகமா? தவக்காலத்தில் தொந்தரவு செய்வதற்கு மன்னித்துக்கொள்.

முதலில் நல்ல செய்தி. மோட்டார் கிளம்பிவிட்டது. எண்ணெய் ஊற்றிப் பார்த்தேன், வால்வைத் தேய்த்துப் பார்த்தேன், கெட்டி மட்டும் கடைசிவரை காலுக்குத் தெரியவில்லை. நீ சொன்னபடி விடாமல் மிதித்தேன். போன சனிக்கிழமை பிடித்துக்கொண்டது. செலண்டார் கடைத்தெருவரை ஓட்டிப்போய்த் திரும்பினேன். ரேஸ் கேமும் எட்டரையும் நீ சொன்ன மாதிரியேதான். மெதுவாகப் போனால் இருமுகிறது, கொஞ்சம் திருகினால் ஆளைத் தூக்குகிறது. காற்று முகத்தில் அடித்தபோது எனக்கு வியாதியே இல்லை என்று தோன்றிவிட்டது.

வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றினேன். காலுறை தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பூட்ஸ் எப்போது கடித்ததோ, பெடல் எப்போது கிழித்ததோ, எனக்குத் தெரியவே இல்லை அக்கா. உள்ளங்கால் கறுத்துவிட்டது.

டாக்டர் இரண்டு வழி சொல்கிறார். பாதத்தின் முன்பாதியை மட்டும் எடுக்கலாம். இந்த வாரமே செய்தால் குதிகாலை வைத்துக்கொண்டு நடக்கலாம், ஆனால் விஷம் மேலே ஏறியிருந்தால் மறுபடி வெட்ட வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் முழங்காலுக்குக் கீழே ஒரேயடியாக எடுத்துவிட்டுப் பொய்க்கால் போடலாம். எது நல்லது? எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அக்காவைக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லிவிட்டேன். அந்த இளவயசு டாக்டர், அக்காவும் டாக்டரா என்று கேட்டார். பிரிஜிட் மடத்துக்குப் போன் செய்யலாம் என்றாள். தவக்காலத்தில் கன்னியர் மடத்து மணியை அடிக்கிற பாவம் எனக்கு வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். கவரில் அவசரம் என்றும் எழுதவில்லை, எழுதினால் நீ பயந்துபோவாய். கடிதத்தை முதலில் மதர்தான் படிப்பார் என்று எழுதியிருந்தாயே, படித்தால் கட்டாயம் உன்னிடம் கொடுத்துவிடுவார்.

சீக்கிரம் சொல்.

உன் தம்பி,
ஜூலியஸ்

சிஸ்டர், பிரிஜிட் இதிலேயே எழுதுகிறேன். தாங்கள் சொன்ன ஒறுத்தலை ஒருநாளும் முறிக்கவில்லை. சாம்பல் பூசின நாளிலிருந்து அவர் காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வீட்டில் நாற்றம் வந்தபோதுகூட எலி செத்துக் கிடக்கிறதென்று அலமாரியை நகர்த்தி நகர்த்தித் தேடினேன். ஜெபியுங்கள்.

•

மடம்,
21 ஏப்ரல் 2025

ஜூலியஸ், என் தம்பி,

உயிர்த்த ஆண்டவர் உன்னோடு இருப்பாராக. எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நேற்று ஈஸ்டர் பூசை முடிந்து மதர் கடிதக் கட்டைக் கொடுத்தார். தவக்காலத்தில் அவர் ஒரு கடிதத்தையும் பிரிப்பதில்லை, அதை நான் உனக்கு எழுதவே இல்லை. மற்றவர்கள் சாப்பாட்டு அறையில் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் உன்னுடையதைத்தான் முதலில் பிரித்தேன், மோட்டார் ஓடிவிட்டதா என்று பார்க்க. படித்துவிட்டு அலுவலறைக்கு ஓடினேன். இங்கே போன் இருக்கிறது, ஜூலியஸ். எப்போதும் இருந்தது. எடுத்துப் பேச வெளிவேலை சிஸ்டர் ஒருவர் தினமும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

பிரிஜிட்தான் எடுத்தாள். பெரிய வெள்ளிக்கிழமை உனக்கு ஜுரத்தில் நினைவு தப்பிவிட்டது, அவளே கையெழுத்துப் போட்டாள், முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள் என்றாள். அவள் அழவில்லை. “சிஸ்டர் பதில் வரல, அதான் நானா போட்டுட்டேன், தப்பா சிஸ்டர்?” என்று கேட்டாள். அவளுக்கு என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை.

நேற்றிலிருந்து உன் பிப்ரவரிக் கடிதத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். காலுக்குத் தெரியவில்லை, கைக்குத் தெரிகிறது, பெடல் அடித்தும் வலிக்கவில்லை என்று அத்தனையும் எழுதியிருந்தாய். இனிப்பு நீர் இருக்கிறவனுக்குக் கால் மரத்துப்போகும் என்று ரோட்டில் போகிறவருக்குக்கூடத் தெரியும். நான் வால்வ் ஒழுகுகிறது என்று பதில் எழுதினேன். தெரிகிறவரை மிதி என்றேன். உனக்கு ஏழு பிஸ்டன்தான் வேண்டும் என்று முதல் கடிதத்திலேயே கேட்டாய். உன் காலை ஒரு கணம்கூட யோசிக்காமல் அப்பா எஞ்சினைப் பற்றியே யோசித்தேன். பிரிஜிட் வாயையும் நானே பூட்டினேன். கடவுள் காரியம் என்று சொல்லிப் பூட்டினேன்.

வெளியே வந்து உன்னைப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன். கிடைக்குமா தெரியாது. கிடைத்து வந்தாலும் உன் கட்டில் பக்கத்தில் உட்காருவதைத் தவிர என்னால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஒன்றே ஒன்றைக் கேட்கிறேன், காலில் விழுந்து கேட்கிறேன். இனி என்னை எதுவும் கேட்காதே. நான் சொல்வது வேதவாக்கு இல்லை. சுவருக்குள் இருந்துகொண்டு கடிதத்தில் வந்ததை வைத்துப் பேசுகிற ஒரு கிழவி நான். டாக்டரைக் கேள். பிரிஜிட்டைக் கேள். உன் உடம்பைக் கேள்.

உன் அக்கா,
வெரோனிக்கா

•

செலண்டார்,
18 மே 2025

அன்புள்ள அக்கா,

இயேசுவுக்குப் புகழ். வீட்டுக்கு வந்துவிட்டேன். பிரிஜிட் சுகம், கொஞ்சம் இளைத்திருக்கிறாள். உன் இடுப்புவலி தேவலையா? அனுமதி கிடைக்காவிட்டால் வருத்தப்படாதே, நீ அங்கே ஜெபம் செய்வதே எனக்குப் பெரிது.

உன் கடிதத்தைப் பிரிஜிட் எனக்குப் படித்துக் காட்டினாள். பாதியில் நிறுத்திவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள், மீதியை நானே படித்தேன். நீ ஏன் இப்படி உன்னைப் போட்டு வதைத்துக்கொள்கிறாய்? நான் மறைத்தேன், வியாதி தின்றது. நீ எஞ்சினைப் பற்றிச் சொன்னதில் ஒரு தப்பும் இல்லையே. வண்டி ஓடியது அல்லவா. எட்வின் வந்து பார்த்துவிட்டு, இந்த ஜோடிப் பொருத்தத்தை இவ்வளவு சரியாகச் சொன்ன ஆளைத் தான் பார்த்ததில்லை என்றான். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரரிடமும் உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

இப்போது ஒரு விஷயம். நடைப் பயிற்சிக்குப் போன இடத்தில் பொய்க்கால் அளவு எடுக்கிறார்கள். முழங்காலுக்கு மேலே எடுத்தவர்களுக்கு முட்டியும் பொய்தானாம், அதில் இரண்டு வகை வைத்திருக்கிறார்கள். ஒன்று பூட்டிக்கொள்கிற முட்டி. நடக்கும்போது கட்டைபோல நேராக நிற்கும், விழமாட்டோம், ஆனால் காலை இழுத்து இழுத்துத்தான் போக வேண்டும். இன்னொன்று தானே மடங்கி நீளும். பழகிவிட்டால் நடை இயல்பாக இருக்குமாம், பழகுகிறவரை விழுந்து எழ வேண்டும், இருக்கிற இன்னொரு காலுக்கும் பளு கூடும். அந்தக் காலிலும் இப்போது கொஞ்சம் மரமரப்பு இருக்கிறது, பிரிஜிட்டிடம் சொல்லவில்லை.

நீ சொன்ன மாதிரியே டாக்டரைக் கேட்டேன். உங்கள் இஷ்டம் என்றார். பிரிஜிட்டைக் கேட்டேன். “நான் சொல்லி என்ன ஆச்சு இதுவரைக்கும்? சிஸ்டரையே கேளுங்க” என்றாள். என் உடம்பைக் கேட்க எனக்குத் தெரியவில்லை, அக்கா.

வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும் என்றார்கள். அக்காவுக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரட்டும் என்று சொல்லி வந்திருக்கிறேன். இப்போது தவக்காலம் இல்லை, கடிதம் உடனே உன் கைக்கு வந்துவிடும். நீ எந்த முட்டி என்று சொல்கிறாயோ அதையே போட்டுக்கொள்கிறேன்.

உன் தம்பி,
ஜூலியஸ்